மேலிருந்து பார்த்த குடை

விக் ஒட்டவில்லை, வேர்வையில் பசை வழுக்குகிறது, இன்னும் அரை மணி நேரமாவது ஆகும் என்று இணை இயக்குநர் கதிரொளி வந்து சொன்னபோது பெர்னதெத்துக்கு உள்ளே ஒரு சின்னச் சந்தோஷம் தலைகாட்டியது. காட்டிய வேகத்திலேயே அதை அமுக்கினாள். ஷாட் தள்ளிப்போகிறது என்றால் இயக்குநர் என்கிறவள் பல்லைக் கடிக்க வேண்டும், கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், கையில் அகப்பட்ட யாரையாவது நாலு வார்த்தை ஏச வேண்டும். அவளும் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மனசில் ஏறவில்லை. மறுபடியும் பார்த்தாள், அப்போதும் ஏறவில்லை. "அவசரப்படுத்தாதீங்க, பிள்ளைக்கு நெத்தி புண்ணாயிரும்" என்றாள். கதிரொளி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனான். போகட்டும். அரை மணி நேரம் கிடைத்திருக்கிறது. அரை மணி நேரத்தில் ஒரு மனுஷி என்னென்ன செய்யலாம்? வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளலாம். கரண்டு போக வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொள்ளலாம், ஆனால் வெளியே ஜெனரேட்டர் நிற்கிறது, மாதாவாலும் ஒன்றும் செய்ய முடியாது. இல்லாவிட்டால் நேரே போய், மானிட்டருக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு சாய்க்காமல் உட்கார்ந்திருக்கும் ஹயாசே மேடத்திடம் உண்மையைச் சொல்லிவிடலாம். அந்தப் பெண் ஜப்பானியப் பதிப்பகத்தின் ஆள். இந்த ஒரே ஒரு காட்சியை எப்படி எடுக்கிறார்கள் என்று பார்க்கவே டோக்கியோவிலிருந்து வடபழனிக்கு வந்திருக்கிறார். அவர் சரி என்றால் அந்தப் படக்கதையை வரைந்த வயசான அம்மாள் சரி என்பார். அந்த அம்மாள் சரி என்றால் ஒப்பந்தம், ஒப்பந்தம் ஆனால் படம். இல்லை என்றால் இத்தனை வருஷம் நாயாக அலைந்ததெல்லாம் வீண். தயாரிப்பாளர் திருவேங்கடம் அவருக்கு இளநீர் நீட்டிக்கொண்டிருந்தார். ஹயாசே மேடம் இரண்டு கையாலும் வாங்கித் தலை குனிந்தார், திருவேங்கடமும் பதிலுக்குக் குனிந்தார், அவர் மறுபடி குனிந்தார், இவரும் விடவில்லை. எத்தனை நல்ல மனுஷர்கள். இவர்களில் ஒருத்தருக்காவது இன்று நான் துரோகம் செய்யப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டாள், வயிறு நிஜமாகவே வலித்தது.

விக்கைச் சொல்லிக் குற்றமில்லை. 'நனைந்த ஊர்' என்கிற அந்தப் படக்கதையில் வருகிற பெண்ணின் தலைமுடி வெள்ளி நிறம் என்று உலகத்து ரசிகர்களெல்லாம் சத்தியம் செய்கிறார்கள், எந்த மாதிரி வெள்ளி என்று இணையத்தில் நாள் முழுக்க அடித்துக்கொள்கிறார்கள். வெள்ளியுமில்லை ஒன்றுமில்லை. அந்த அம்மாள் அங்கே மை போடவில்லை, அவ்வளவுதான். வெறும் தாள். வெறும் தாளை எப்படி ஒரு பெண்பிள்ளையின் தலையில் ஒட்டுவது? முதலில் வந்த விக்கைப் போட்டதும் அந்தப் பெண்ணாக நடிக்கிற யாழ்மொழி பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்கு வந்த மாதிரி நின்றாள், பாவம், அவளே கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அடுத்தது நைலான் கயிறு. இன்றைக்குத் தலையில் இருப்பது எத்தனையாவது என்று கேட்டால் பெர்னதெத்துக்கு அழுகை வரும். கண் அதைவிட மோசம். தாளில் அந்தப் பெண்ணுக்குப் பாதி முகம் கண்தான், அந்தக் கண்ணுக்குள்ளே ஜன்னல் தெரியும், மழை தெரியும், தெருவிளக்கு தெரியும். நிஜப் பெண் கண்ணை விரித்தால் பயந்த மாதிரி இருக்கிறது. இன்னும் கொஞ்சம் விரிம்மா என்றால் டாக்டரிடம் காட்டு என்று சொல்லத் தோன்றுகிறது. லென்ஸ் போட்டுப் பார்த்தார்கள், வேண்டாதபோதெல்லாம் தாரை தாரையாகக் கொட்டியது, அழும்மா என்றபோது சொட்டு வரவில்லை. ஒரு துளி விழுவதற்கு அந்த அம்மாள் மூன்று பக்கம் எடுத்துக்கொள்கிறார். அதை அப்படியே மெதுவாக்கி எடுத்தால் சோப்பு விளம்பரம். நிசப்தத்துக்குக்கூட அங்கே ஒரு சத்த எழுத்து உண்டாம், ஆளில்லாத அறையில் அதைப் பெரிதாக எழுதி வைத்துவிடுவார்களாம். இங்கே சைலன்ஸ் என்று கதிரொளி கத்தினால் அதற்குப் பிறகுதான் ஜெனரேட்டர் நன்றாகக் கேட்கிறது. ஊரை வால்பாறைக்கு மாற்றியாயிற்று, பெயர்களை மாற்றியாயிற்று, பாட்டு வேண்டாம் என்று திருவேங்கடத்தின் காலில் விழாத குறை. இதெல்லாம் கஷ்டம் என்று பேட்டிகளில் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருக்கிறாள். கஷ்டம் எது என்று அவளுக்கு நேற்று வரை தெரியாது. இன்று காலையில்தான் தெரிந்தது, அதுவும் ஒரு பெண் பக்கம் புரட்டுகிற விரலைப் பார்த்து.

அந்தப் புத்தகத்தை அப்பா கொண்டுவந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும். லெயோன், கப்பலில் ஃபிட்டர், வருஷத்துக்கு ஒரு தடவை தூத்துக்குடிக்கு வந்து வீடு முழுக்க டீசல் வாசனையும் வெளிநாட்டு சோப்பு வாசனையும் கலந்து பரப்பிவிட்டுப் போகிறவர். ஜப்பானில் கோபே துறைமுகத்தில் வாங்கியதாகச் சொன்னார். "படம் நல்லாருக்கு, மக்கா. எழுத்து நமக்கெதுக்கு?" அதுதான் அவர் கடைசியாக வந்தது. பிறகு வரவில்லை. கப்பல் மூழ்கவில்லை, உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். விசாகப்பட்டினத்தில் ஒரு குடும்பத்தோடு பார்த்ததாக ஒருத்தர் சொன்னார், அது வேறு ஆள் என்று இன்னொருத்தர் சொன்னார், அம்மா தெருவில் கேட்கிறவர்களுக்கெல்லாம் கப்பல்ல இருக்காவ என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். பெர்னதெத் புத்தகத்தைத் திறந்தாள். எல்லாப் புத்தகத்தையும் எந்தப் பக்கத்திலிருந்து திறப்போமோ அந்தப் பக்கத்திலிருந்து திறந்தாள், இடது பக்கத்துப் படத்திலிருந்து வலது பக்கத்துப் படத்துக்குப் போனாள். பிள்ளைக்கு வேறு என்ன தெரியும்? கதையில் ஒரு பெரிய பெண் குடை ரிப்பேர் கடை வைத்திருந்தாள். பக்கம் போகப் போக அவள் சின்னவளாகிக்கொண்டே வந்தாள், கடையிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போனாள், பின்னல் குட்டையானது, கடைசியில் மாடி ஜன்னலுக்கு எக்கி நின்று பார்க்கிற சின்னப்பிள்ளை ஆகிவிட்டாள். அப்போது அப்பா வந்தார். எழுத்தே இல்லாத கடைசி அத்தியாயம், வெறும் எட்டுப் பத்துப் படம். காலியான வாசல்படி, அதில் ஈரத் தடம். அழுகிற பெண். தூரத்தில், மேலே ஜன்னலிலிருந்து பார்க்கிற மாதிரி, புள்ளி போல ஒரு குடை. குடை பெரிதாகிறது. இன்னும் பெரிதாகிறது. ஜன்னலுக்கு நேர் கீழே பெரிய கறுப்பு வட்டம். பெண்ணின் கண்ணில் இப்போது நீர் இல்லை, லேசாக ஒரு சிரிப்பு. குடையின் பிடியில் ஓர் ஆணின் கை. கடைசியாக, வாசல்படியில் ஒரு ஜோடி ஷூ. அப்பா வர வர வயசு குறைந்து, அவர் விட்டுப்போன நாளில் எப்படி இருந்தாளோ அப்படியே நிற்கிறாள். பன்னிரண்டு வயசில் பெர்னதெத்துக்கு அது மாயமாகவே படவில்லை, ரொம்ப நியாயமாகப் பட்டது. எத்தனை சாயங்காலம். காம்பவுண்டுக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டால் புத்தகத்தை மூடுவாள், அதைத் தாண்டிப் போய்விட்டால் மறுபடி கடைசி அத்தியாயத்தைத் திறப்பாள்.

கல்லூரிக்கு வந்த பிறகு, இந்தப் புத்தகங்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்று ஒரு தோழி சொல்லிக்கொடுத்தாள், ஹாஸ்டலே உருண்டு புரண்டு சிரித்தது, பெர்னதெத்தும் சிரித்தாள். பிற்பாடு பேட்டிகளிலெல்லாம் அதையே ஒரு தமாஷாகச் சொன்னாள். மொழிபெயர்ப்பு வந்தபோது வாங்கிச் சரியான பக்கத்திலிருந்து படித்தாள், பெண் ஒழுங்காகச் சின்னவளிலிருந்து பெரியவளானாள், கடை வைத்தாள், எல்லாம் சரியாகப் பொருந்தியது. ஒரே ஓர் அத்தியாயத்தை மட்டும் அவள் மறுபடி படிக்கவில்லை. எழுத்தே இல்லாததை மொழிபெயர்ப்பில் என்னத்தைப் படிப்பது? மனப்பாடமாகத் தெரிந்ததை எதற்குப் படிப்பது? அது புத்தகத்தின் தொடக்கத்தில் இருந்ததைப் பார்த்தாள், பார்த்துவிட்டு, ஆஹா, முடிவை முதலில் காட்டிவிட்டு ஃபிளாஷ்பேக்கில் கதை சொல்லியிருக்கிறார் அந்த அம்மாள் என்று சிலாகித்தாள். சினிமாக்காரப் புத்தி வேறெப்படி வேலை செய்யும். திரைக்கதை எழுதும்போது அதைத் தூக்கிக் கடைசியில் வைத்தாள். 'வசனமில்லாத முதல் அத்தியாயத்தைப் படத்தின் முடிவாக வைத்திருக்கிறோம்' என்று ஜப்பானுக்கு எழுதியதற்கு, மிக அழகான யோசனை என்று பதில் வந்தது. அந்தக் காட்சியையே சோதனையாக எடுத்துக் காட்டுங்கள் என்றார்கள். எல்லாரும் சேர்ந்து ஒரே காட்சியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், எந்தப் பக்கத்திலிருந்து என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

காலையில் மேஜை மேல் காட்சிப் படங்களைக் கோத்த கட்டு இருந்தது, எடுக்கப்போகிற ஷாட்டெல்லாம் வரிசையாக வரைந்தது. பெர்னதெத் சொல்லச் சொல்ல வரைந்தவர், மூலத்தில் இருக்கிற மாதிரியே கட்டம் போட்டு, படங்களையும் அசல் மாதிரியே வரைந்திருந்தார், பெருமையாக இருக்கட்டும் என்று. ஹயாசே மேடம் அதை மரியாதையாக இரண்டு கையால் எடுத்தார், திருப்பிப் போட்டார், பின்னட்டைப் பக்கத்திலிருந்து திறந்தார். அவர் ஊரில் எல்லாரும் திறக்கிற பக்கம். எழுத்து ஒன்றும் இல்லையே, தடுப்பதற்கு என்ன இருக்கிறது. ஐயோ அந்தப் பக்கமில்லை மேடம் என்று சொல்ல பெர்னதெத் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் விரல் முதல் படத்தில் நின்றது. வாசல்படியில் ஒரு ஜோடி ஷூ. பிறகு குடையில் கை. சிரிக்க முயற்சி செய்கிற பெண். ஜன்னலுக்குக் கீழே பெரிய கறுப்பு வட்டம். வட்டம் சின்னதாகிறது. இன்னும் சின்னதாகிறது. புள்ளி. அழுகிற பெண். காலியான படி. ஹயாசே மேடம் கட்டை மூடி வைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மெதுவான இங்கிலீஷில், அப்படியே இருக்கிறது, ஒரு கோடுகூட மாறவில்லை, எங்கள் ஆசிரியை ரொம்பச் சந்தோஷப்படுவார் என்றார். திருவேங்கடம் கை தட்டினார். பெர்னதெத்தும் தட்டினாள். அப்பா போகிறார். அந்தப் புத்தகத்தில் அப்பா வரவே இல்லை, போகிறார், தொடக்கத்திலேயே போய்விடுகிறார், அதற்கப்புறம் ஒரு பக்கத்தில்கூட வரவில்லை, அவள் தன்பாட்டுக்கு வளர்ந்து குடை ரிப்பேர் பண்ணுகிறாள், அவ்வளவுதான் கதை. உலகம் முழுக்கத் தெரிந்த கதை. தனக்கு மட்டும்.

வட்டத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டா? அதுதான் அந்த அம்மாள் செய்த வேலை, வேண்டுமென்று செய்தாரோ தெரியாமல் செய்தாரோ. தாளில் குடை வெறும் வட்டம், அது வருவதாகவும் வைத்துக்கொள்ளலாம், போவதாகவும் வைத்துக்கொள்ளலாம். மழை வெறும் கோடு, அது மேலே போகிறதா கீழே வருகிறதா என்று யார் கேட்டார்கள். கேமராவுக்கு முன்னால் அந்த ஜாலம் நடக்காது. குடைக்குக் கீழே ஓர் ஆள் இருப்பான், ஆளுக்குக் குதிகால் இருக்கும், எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று அவன் கேட்பான், சொல்லித்தான் ஆக வேண்டும். காலையிலிருந்து அவள் புத்தி எந்தெந்தச் சந்துக்குள்ளோ புகுந்து வெளியே வந்துகொண்டிருந்தது. வருகிற மாதிரி எடுத்து, ஹயாசே மேடத்துக்கு மட்டும் திருப்பி ஓடவிட்டுக் காட்டினால் என்ன? மழை தரையிலிருந்து மேலே ஏறும். ஈரத் தடம் தானாகக் காயும். அந்தப் பெண்மணி மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த விமானத்துக்குப் போய்விடுவார். சரி, போகிற மாதிரி எடுத்தால்? அப்போது திருவேங்கடம். இந்தப் படத்துக்கு அவர் ஒத்துக்கொண்டதே இந்த முடிவுக்காக. கதை கேட்ட அன்றைக்கு, விக், கண், ஜப்பான் எல்லாவற்றுக்கும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த மனுஷர், கடைசிக் காட்சியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்பன் திரும்பி வர்றான் பாருங்க, அங்க அழுவான்மா தியேட்டர். எத்தினி பேரு வூட்ல அப்பன் வராம இருக்கான்?" என்றார். அவர் வீட்டுக் கதை அவளுக்குத் தெரியாது, கேட்கவுமில்லை. இப்போது அவரே அவளைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அவள் போனாள். "இன்னா பெர்னா, மூஞ்சி செத்துப்போயிருக்கு? மேடம் ஹேப்பி, நான் ஹேப்பி, உனக்கு இன்னா?" பசிக்கிறது சார் என்றாள். சாப்பிட்டுத்தான் இருந்தாள். ஒரு இட்லித்தட்டு வரவழைத்தார். அதையும் தின்றாள்.

தின்றுகொண்டே அந்த வாசல்படியைப் பார்த்தாள். கலை இயக்குநர் நன்றாகத்தான் கட்டியிருந்தார், படக்கதையில் இருப்பதைப் போலவே கதவுக்கு உள்ளே ஒரு படி தாழ்வாகச் சின்னத் தளம், அங்கேதான் ஷூவைக் கழற்றிவிட்டு மேலே ஏற வேண்டும். அப்பாவாக நடிக்கிற நடராஜமணி அண்ணன், முப்பது வருஷமாக சீரியல்களில் அப்பாவாகவே வாழ்ந்தவர், ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து வந்தார், ஒரு ஷூவை மற்றக் காலால் நெட்டி உதறினார், இரண்டும் வீட்டைப் பார்த்துக் கோணலாகக் கிடந்தன. நம் வீட்டில் எல்லா ஆம்பிளையும் கழற்றுகிற மாதிரிதான். உடனே கதிரொளி ஓடிவந்து இரண்டையும் சேர்த்து, முனை வெளியே வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைத்தான், புத்தகத்துப் படத்தில் அப்படித்தான் இருந்தது. "ஏன் தம்பி இப்டி? இப்பதானே உள்ள வந்தேன்?" என்றார் அண்ணன். ஜப்பான்ல அப்படித்தாண்ணே, கழட்டுனதும் திருப்பி வச்சிருவாங்க, போறப்ப சுலபமா மாட்டிக்கலாம் என்றான் கதிரொளி. வரும்போதே போறதுக்கு ரெடியா என்று அண்ணன் சிரித்தார். பெர்னதெத் இட்லித்தட்டைக் கீழே வைத்தாள். எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் அந்த ஷூ வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் படத்தை எத்தனை வருஷம் பார்த்திருக்கிறாள், அதன் முனையைப் பார்க்கவே இல்லை, வந்துவிட்டார் என்பதை மட்டும் பார்த்தாள். பழுப்பு ஷூ. இல்லை, படத்தில் நிறமே கிடையாது, பழுப்பு ஷூ வேறெங்கோ இருந்தது, சிமெண்டுத் தரையில், சாக்ஸ் உள்ளே சுருட்டி. டீசல் வாசனை. அது எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது? யோசித்தாள். திருப்பித் திருப்பி யோசித்தாள். வீட்டைப் பார்த்து. வீட்டைப் பார்த்துத்தான். அது ஏன் அவ்வளவு நிச்சயமாகத் தெரிகிறது, கடைசித் தடவை மட்டும் ஏன் தெரியவில்லை?

செட்டுக்குப் பின்னால், பலகைகள் சாத்தியிருந்த இடத்துக்குப் போய் அம்மாவுக்குப் போன் போட்டாள். இந்த நேரத்தில் ரோஸம்மாள் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கட்டிலில் கிடப்பாள். "என்னட்டி, இந்நேரத்துல? சாப்ட்டியா?" சாப்ட்டேன் என்றாள், இரண்டு தடவை சாப்பிட்டாள் என்பதைச் சொல்லவில்லை. பிறகு எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நேரே கேட்டாள், ஏம்மா, அப்பா ஷூவை எந்தப் பக்கம் பாத்துக் கழத்தி வைப்பாரு? மறுமுனையில் ஃபேன் சத்தம் கேட்டது. எத்தனையோ வருஷமாக இருவரும் அந்த மனுஷரைப் பற்றிப் பேசியதில்லை. பேசினால் யாராவது அழ வேண்டி வரும் என்று இருவரும் தனித்தனியாக முடிவுசெய்து வைத்திருந்தார்கள். "என்ன கேள்விட்டி இது" என்றாள் அம்மா. பிறகு, "ரோட்டப் பாத்துத்தான் கெடக்கும். எந்தத் துறைமுகத்துல பழகுனாவளோ. எனக்குன்னா அதப் பாத்தா வயித்தெரிச்சலா வரும். வந்த காலு வீட்டப் பாத்துல்லா இருக்கணும்? அவிய தூங்குன பொறவு நாந்தான் தெனமும் திருப்பி வப்பேன்" என்றாள். தினமுமா என்று கேட்டாள் பெர்னதெத். "தெனமும். கடைசி நாளு மட்டும் வைக்கல." "ஏம்மா?" என்றாள் இவள். "தெரிஞ்சு போச்சுட்டி. பெட்டியில அவிய கல்யாணக் கோட்டு இருந்துச்சு. கப்பலுக்கு எதுக்கு கோட்டு? போறவிய போட்டும்னு விட்டுட்டேன்." நீ ஏன் எங்கிட்ட சொல்லல, அம்மா என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. அவளுக்கு பதில் தெரியும், சின்னப்பிள்ளை ஒன்று ஒரு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நாள்தோறும் சாயங்காலம் உட்கார்ந்திருந்தால் எந்தத் தாய்தான் சொல்வாள். "நீ அழுதியாம்மா அன்னைக்கு?" "வேல கெடந்துச்சு" என்றாள் ரோஸம்மாள். "வை போன. வெயில்ல நிக்காத." அம்மாவுக்கு வெயில் என்றால் எல்லா ஆபத்தும் அதற்குள் அடக்கம்.

பலகை ஒன்றில் சாய்ந்து நின்றாள். அவளுக்குக் கோபம் வந்தது, முதலில் அம்மா மேல், உடனே அது அம்மாவை விட்டு அந்த ஜப்பானிய அம்மாள் மேல் போனது, எழுத்தாவது ஒன்று போட்டிருக்கக் கூடாதா, போகிறார் என்று ஒரு வார்த்தை, படிக்கத் தெரியாவிட்டாலும் ஒரு வார்த்தை இருக்கிறது என்றாவது தெரிந்திருக்கும். பிறகு அப்பா மேல். அங்கே போய்ச் சேர்ந்ததும் கோபம் நின்றுவிட்டது, அவர் முகம் ஞாபகம் வரவில்லை. வட்டம்தான் வந்தது. இத்தனை வருஷமாக அவள் அப்பா என்று நினைத்துக்கொண்டிருந்தது ஒரு கறுப்பு வட்டத்தை. அது வந்துகொண்டே இருக்கட்டும் என்று ஒரு படம் எடுக்க நினைத்தாள், கோடிக்கணக்கில் செலவழித்து, வெள்ளை முடி ஒட்டி, ஒரு தேசத்தையே வால்பாறைக்கு இழுத்துக்கொண்டு வந்து. அதில் தப்பில்லை, எத்தனையோ பேர் அதைவிட அற்பமான காரணத்துக்காகப் படம் எடுக்கிறார்கள். ஆனால் இப்போது நடராஜமணி அண்ணனை வாங்க என்று எப்படிச் சொல்வது? அவர் வருவார், நன்றாகவே வருவார், அந்த ஷூ வாசலைப் பார்த்துக் கிடக்கும், தியேட்டர் அழும், அவள் மட்டும் அந்த முனையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பயமாக இருந்தது. போங்க என்று சொல்லவும் பயமாகத்தான் இருந்தது. சொல்லிவிட்டால் அந்தச் சின்னப்பிள்ளை புத்தகத்தை மூட வேண்டி வரும். விக் ரெடி மேம் என்று கதிரொளி எங்கிருந்தோ கத்தினான்.

யாழ்மொழி மாடி ஜன்னலில் நின்றாள். முடி என்னவோ இன்றைக்குத் தாளைப் போலத்தான் இருந்தது, இல்லாவிட்டால் பெர்னதெத் கவனிப்பதை விட்டுவிட்டாள். ஒரு கேமரா ஜன்னலுக்கு மேலே, ஒன்று வாசல்படியில். குழாய்களில் மழை சோதனைக்காகச் சொட்டியது. அவள் மானிட்டர் பக்கம் போய் ஹயாசே மேடத்துக்கு முன்னால் குனிந்து, காலையில் நீங்கள் படித்தீர்களே, அதே வரிசையில் எடுக்கப்போகிறேன் என்றாள். அந்தப் பெண்மணி புரியாமல் கண்ணைச் சிமிட்டினார். வேறு எந்த வரிசையில் எடுக்க முடியும் என்று கேட்டார், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆவலோடு. பெர்னதெத்துக்குச் சிரிப்பு வந்தது, காலையிலிருந்து முதல் சிரிப்பு. பிறகு செட்டுக்குள் ஏறி, நடராஜமணி அண்ணனின் கையிலிருந்த ஷூவை வாங்கி, வாசலைப் பார்த்து அவளே வைத்தாள். "அண்ணே, மாத்திட்டேன். நீங்க உள்ள இருந்து வர்றீங்க, ஷூவ மாட்டுறீங்க, குடைய எடுக்கறீங்க, போறீங்க." "போறதா? சரிம்மா" என்றார் அவர், நடிகர் என்றால் போகவும் தெரியும் வரவும் தெரியும் என்கிற நிதானத்தோடு. குனிந்து லேஸைத் தளர்த்திக்கொண்டே கேட்டார், "அப்ப எப்பம்மா திரும்பி வர்றேன்? அடுத்த சீன்லயா? மூஞ்சில அத வச்சுக்கணும்ல." செட்டில் ஆளாளுக்கு வேலையாக இருந்தார்கள், யாரும் கவனிக்கவில்லை. பெர்னதெத் அந்த ஷூவைப் பார்த்தாள். "வர மாட்டீங்கண்ணே" என்றாள். சத்தம் வரவில்லை, மறுபடி சொன்னாள், "நீங்க வர மாட்டீங்க. கதை அதோட முடியுது." தான் அதை யாரிடமும், ஒரு தடவைகூட, சொன்னதில்லை என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது. பின்னால் திருவேங்கடம் நாற்காலியை விட்டு எழுந்தார். "பெர்னா, இன்னாது? வரலன்னா? அப்பால வந்துருவான்ல?" அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மழை என்றாள். மழை வந்தது. ஆக்‌ஷன் என்றாள்.

அண்ணன் உள்ளேயிருந்து வந்தார், ஷூவை மாட்டினார், குடையை எடுத்தார், விரித்தார். மானிட்டரில் ஜன்னலுக்குக் கீழே பெரிய கறுப்பு வட்டம் மலர்ந்தது. யாழ்மொழி சிரிக்க முயற்சி செய்தாள், வாய் ஒரு பக்கம்தான் போயிற்று, கண்ணை யாரும் விரிக்கச் சொல்லவில்லை, அது சின்னக் கண்ணாகவே இருந்தது, போதுமானதாக இருந்தது. வட்டம் நகர்ந்தது. சின்னதானது. கட் சொல்ல வேண்டிய இடம் வந்தது, பெர்னதெத் சொல்லவில்லை. கட் கேட்காமல் நிற்கிற பழக்கம் நடராஜமணி அண்ணனுக்குக் கிடையாது, அவர் குழாய் மழையைத் தாண்டினார், மழை இல்லாத தரையில் குடையோடு நடந்தார், கேபிள்களைத் தாண்டினார், விளக்குக் கம்பங்களுக்கு நடுவே புகுந்தார், தளத்தின் பெரிய கதவு வரை போய் அதைத் தள்ளித் திறந்தார், வெளியே மத்தியான வெயில் வெள்ளையாக நின்றது, அதற்குள் ஒரு கால் வைத்தார். மானிட்டரில் காலியான படியும் ஈரத் தடமும் மட்டும் இருந்தன. ஹயாசே மேடம் வாயைக் கையால் பொத்தியிருந்தார். திருவேங்கடம் நின்ற இடத்திலேயே அந்தக் காலியான படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட் என்றாள் பெர்னதெத். அவள் முகம் நனைந்திருந்தது, துடைக்கவில்லை. கதவருகே குடை திரும்பியது. "இன்னொரு டேக்காம்மா?" என்று அங்கிருந்தே கத்தினார் அண்ணன். "திரும்பி வரட்டுமா?"

"வேண்டாம்ணே" என்றாள். "நீங்க போங்க."